மேசையில் ஐவர்

மார்ச் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, கலைக்கூடத்தின் மூன்றாம் அறையில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் பதினான்கு பேர் தரையில் உட்கார்ந்து 'மேசையில் ஐவர்' என்ற பழைய ஓவியத்தைப் பார்த்து வரைந்தார்கள். தரையில் கீறல் விழும் என்று காப்பாளர் நாற்காலி தரவில்லை.

மாணவர்களுக்கென்றே எட்டு மாதம் மெனக்கெட்டு அவர் அமைத்த கண்காட்சி அது. வெள்ளிக்கிழமை திறப்பு. ஓவியத்தின் பக்கத்தில் அவர்கள் வரைந்தவையும் தொங்க வேண்டும்.

மதியம் தாள்களைப் புரட்டியவருக்குத் தலை சூடானது.

"அஞ்சு பேருக்கு எப்படி சார் பன்னிரண்டு கால்?"

ஓவிய ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "எல்லாத்துலயுமா மேடம்?"

"பதினாலுலயும். ஒருத்தன் போட்டிருக்கான், மத்ததெல்லாம் ஈயடிச்சான் காப்பி. படத்தைப் பாருங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஒண்ணுகூட மாட்ட மாட்டேன்."

"பசங்க வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வர்றதா இருக்காங்க. நீங்களும் ஒரு தடவை பார்த்துடுங்களேன்."

"பதினோரு வருஷமா பார்க்கறேன் சார். அதுக்குப் பேரு வச்சதே நான்தான்."

ஆனாலும் போனார். ஐந்து பேர்தான். படத்தில் மேசைக்கு அடியில் எதுவும் தெரியாதபடி கண்ணாடியில் விளக்கொளி பளபளத்தது.

"பசங்க மாதிரி உட்கார்ந்து பாருங்க," என்றார் ஆசிரியர்.

முணுமுணுத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். பளபளப்பு விலகியது. மேசைவிரிப்புக்குக் கீழே, பெரியவர்களின் கால்களுக்கு நடுவே, இரண்டு சின்னஞ்சிறு பாதங்கள்.

வெள்ளிக்கிழமை பதினான்கு தாள்களும் சுவரில் இருந்தன. ஓவியத்தின் புதிய தலைப்பு அட்டை மட்டும் அச்சகத்திலிருந்து இன்னும் வரவில்லை.