கர்த்தர் காட்டிய ஆள்

நாற்காலியை இழுத்துப் போட்டவர் கமிட்டி சேர்மன்.

அவள் உட்காரவில்லை. பதினோரு வருஷமாக இந்த அறைக்குள் காபித் தட்டோடு வந்து தட்டோடு திரும்பியவள். அவளுக்கென்று இங்கே ஒரு நாற்காலி நகர்வது இதுதான் முதல் தடவை.

“இருங்கம்மா” என்றார்.

நேற்று வரைக்கும் ‘ஏ, சமையல்காரி’.

உட்கார்ந்தாள். நுனியில்.

சபை நடத்துகிற இல்லம் அது. மனநிலை சரியில்லாத பெண்கள் முப்பத்துநான்கு பேர். பஸ் ஸ்டாண்டிலும் கோயில் வாசலிலும் கண்டெடுத்தவர்கள். பெற்றவர்களே கொண்டுவந்து விட்டுப் போன பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குச் சோறு பொங்குவது அவள் வேலை.

வார்டனாக இருந்த கிரேஸ்லெட் அக்கா போன வாரம் பெட்டியோடு கிளம்பிவிட்டார். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு முந்தின இரண்டு நாளும் இந்த அறையில் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் தெரியும்.

இப்போது அந்த இடத்துக்கு இவள் என்கிறார்கள்.

“கமிட்டியா சேர்ந்து ஜெபிச்சோம். கர்த்தர் உங்களத்தான் காட்டினாரு.”

கர்த்தர் காட்டுவார். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. இவரிடம் காட்டுவாரா என்பதுதான்.

சபையில் படித்த பெண்கள் எத்தனையோ பேர். டீச்சர்கள், நர்சுகள், ஒரு வக்கீல்கூட. எட்டாம் வகுப்பு தாண்டாத விதவைதானா கிடைத்தாள் கர்த்தருக்கு?

அவளே போட்டு அனுப்பிய காபியைச் செயலாளர் அவளுக்கே நீட்டினார். சாசரோடு.

மேசையில் ஒரு தாள். முழுக்க ஆங்கிலம். அடியில், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. மூடி கழற்றிய பேனா பக்கத்திலேயே தயாராக இருந்தது.

ஜெபித்துவிட்டுக் கையெழுத்து போட்டுவிடலாம் என்றார் சேர்மன்.

செயலாளர், மேசைக் கடைசியில் இருந்த புதுப் போதகர், எல்லோரும் தலை குனிந்தார்கள். அவருக்கு நல்ல சாரீரம். எளியவளைத் தூக்கி உயர்த்துகிறவரே என்று உருகினார்.

அவள் கண்ணை மூடவில்லை. சோறு வெந்ததா என்று பருக்கையை நசுக்கிப் பார்க்கிற கை அவளுடையது. ஜெபத்தையும் அப்படித்தான் பார்த்தாள்.

அவர் கண்ணும் திறந்திருந்தது.

பார்வை முட்டிக்கொண்டது. அவர் குரல் ஒரு நொடி தடுமாறி, பிறகு முன்னைவிட உரக்கப் போனது.

அப்போதுதான் அவள் கண்ணை மூடினாள்.

ஆண்டவரே, இது உம்முடைய சத்தமா, இவருடையதா?

வெளியே வராந்தாவில் ஓர் அழுகை. சுடலைவடிவு. மாத்திரை நேரம் தாண்டினால் அப்படித்தான் இழுத்து இழுத்து அழுவாள். கிரேஸ்லெட் அக்கா போனதிலிருந்து யாரும் நேரத்துக்குக் கொடுப்பதில்லை. முப்பத்துநான்கு அழுகையில் எது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். இந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது.

பயமாக இருக்கிறது என்றாள் ஆண்டவரிடம். எனக்குப் பேசத் தெரியாது. இவர்கள் எதற்கோ என்னைப் பிடிக்கிறார்கள். கூப்பிட்டது இவர்களாகவே இருக்கட்டும். நான் உமக்கென்று போகிறேன். கூட வாரும்.

நெஞ்சுப் படபடப்பு அடங்கியது.

அதையும் சந்தேகப்பட்டாள். கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். திரும்ப வரவில்லை.

ஆமென் என்றார்கள்.

பேனாவை எடுத்தாள். மூடியைப் போட்டு மூடினாள். தாளைப் புதுப் போதகர் பக்கம் நகர்த்தி, தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னாள்.

செயலாளர் இருமினார். சேர்மன், இதெல்லாம் சும்மா சம்பிரதாயம், வார்டனாக வருகிற எல்லாரும் போடுவதுதான் என்றார். அதற்குள் போதகர் தாளைக் கையில் எடுத்துவிட்டார். அவர் இந்தச் சபைக்கு வந்து மூன்று மாதம்தான். அவருக்கும் அது புதிது என்பது வாசிக்க வாசிக்க முகத்தில் தெரிந்தது.

இல்லத்துப் பெண்கள் எல்லோரும் குணமாகிவிட்டார்கள் என்று இருந்தது. தீபாவளிக்குள் அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கட்டடத்தை ஒப்படைக்க, வார்டனாகிய தனக்குச் சம்மதம் என்று இருந்தது. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வரப்போகிறது என்றும் இருந்தது.

கிரேஸ்லெட் அக்கா ஏன் பெட்டியோடு போனார் என்று இப்போது புரிந்தது.

அவள் எழுந்து நின்றாள்.

“வார்டன் வேலைய ஏத்துக்கிடுதேன். இதுல கையெழுத்துப் போட மாட்டேன்.”

அதெப்படி முடியும் என்றார் சேர்மன்.

“கர்த்தர் காட்டினாருன்னு நீங்கதானய்யா சொன்னீங்க.”

போதகர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கமிட்டி நோட்டை இழுத்தார். வார்டன் நியமனத்தை மட்டும் எழுதினார். தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவரையும் அவள் முழுக்க நம்பிவிடவில்லை. நோட்டில் அவர் கையெழுத்து விழும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

மத்தியானம், இடுப்பில் வார்டனின் சாவிக்கொத்தோடு சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள்.

சாவிக்கொத்தைக் கண்டதும் கூடம் சட்டென்று ஓய்ந்தது.

வரிசையாகப் போட்டுக்கொண்டே போனாள். ஒருத்தியும் தட்டில் கை வைக்கவில்லை.

பதினோரு வருஷமாக அவள் கைச்சோற்றைத் தின்கிற சுடலைவடிவு, மாத்திரை கலந்திருக்கிறதோ என்று தட்டைத் தூக்கி மோந்து பார்த்தாள். சாவிக்கொத்தைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நீ மொதல்ல தின்னு.”

அவள் சட்டியை இறக்கிவைத்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்தத் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு மென்றாள். விழுங்கினாள்.

சுடலைவடிவு அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்ற முப்பத்துமூன்று பேரும் தங்கள் தங்கள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.