சப்ளையர் ஏன் வரவில்லை?

“‘காலைக் காப்பிக்கு வந்துடறேன்’ என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, விவசாயி எக்ஸ் கொள்முதல் நிலையத்தில் தன் நெல் குவியலுக்குக் காவல் படுக்கப் போனார். அன்றிரவு மழை கொட்டியது. மறுநாள் எடைபோடக் கூப்பிட்டபோது அவர் வரவில்லை.”

தஞ்சாவூர் எம்.பி.ஏ. கல்லூரியின் சப்ளை செயின் வகுப்பில் பேராசிரியை கொடுத்த கேஸ் ஸ்டடியை விஸ்வா வாசித்து முடித்தான். தவறு யாருடையது என்று குழுக்கள் அலசின. ஒரு குழுவாவது அந்த மனுஷனுக்காகப் பேசாதா என்று பேராசிரியை கயல்விழி காத்திருந்தாள்.

“காப்பியெல்லாம் தேவையில்லாத டேட்டா மேடம். வீட்ல தூங்காம அங்க எதுக்குப் படுக்கணும்?” என்றான் விஸ்வா.

“எழுந்து போனா வரிசைல முறை போயிடும்” என்றாள் கயல்விழி.

“அப்படிக் காத்திருந்தவர் எடைபோடறப்ப எங்க போனார்? பொறுப்பில்லாத சப்ளையர். பிளாக்லிஸ்ட் பண்ணணும்.”

“பிரமாதம். மழைக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பிடலாமா?”

வகுப்பு சிரித்தது. மாளவிகா மட்டும் கேட்டாள்: “ஏன் வரலைன்னு கேஸ்ல இல்லையே மேடம்?”

“ராத்திரி இடி விழுந்துடுச்சும்மா. நெல்லுமேலயே கிடந்தார். காப்பி போட்டு வெச்சுட்டு, காணோமேன்னு தேடிப் போனவ நான்தான்.”

விஸ்வா தலைகுனிந்து உட்கார்ந்தான்.

அந்தச் சாவுக்கப்புறம் கொள்முதல் நிலையத்துக்குக் கண்காணிப்பு கேமரா வந்துவிட்டது. கூரைதான் இன்னும் வரவில்லை.