நாலு நாள் புதுச்சேரி

"வெள்ளிக்கிழமை கெளம்புறோம். நானு, நீ, நம்ம பூமாலை. நாலு நாளைக்குப் புதுச்சேரி!"

பெரியதம்பி இப்படிச் சொன்னதும், அடுப்பை ஊதிக்கொண்டிருந்த தையல்நாயகி ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டாள்.

"நெசமாவா?"

"பின்னே? இந்தப் பனமலை ஏரியையே எத்தினி நாளைக்குப் பார்த்துக்கினு இருப்பே? கடலப் பாரு. கடலுக்குள்ளயே இரும்புப் பாலம் போட்டு வெச்சிருக்கான். வெள்ளைக்காரத் தெருவுல நடந்தா காலு அழுக்காவாது. போலீசுக்காரன் தலையில செவப்புத் தொப்பி. அம்மாடி, பிரெஞ்சுக்காரன் கட்டின ஊருன்னா சும்மாவா!"

கல்யாணமான நாளிலிருந்து விக்கிரவாண்டிச் சந்தையைத் தாண்டி மனைவியை எங்கும் அழைத்துப் போகாத மனுஷன் அவன். 'திடீர்னு என்ன கரிசனம்?' என்று கேட்டுவிடுவாளோ என்று உள்ளுக்குள் உதறல்தான். அவள் கேட்கவே இல்லை. முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து நின்றாள். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

விஷயம் இதுதான். மகள் பூமாலைக்குப் பன்னிரண்டு வயது. அக்கா வெள்ளையம்மாளின் மகனுக்கு அவளைக் கட்டி வைப்பதாகப் பெரியதம்பி வாக்குக் கொடுத்திருந்தான். மாப்பிள்ளையோ மீசையை முறுக்கிக்கொண்டு, இந்தத் தையில் இல்லையென்றால் வேறு பெண் என்று நின்றான். பதினாலு வயசு ஆகாத பெண்ணுக்குத் தாலி கட்டினால் கோர்ட்டுக்கு இழுக்கும் சாரதா சட்டம் ஒரு பக்கம். 'எம்பொண்ணு படிக்கணும், இப்போ அவ கழுத்துல கயிறு ஏறக்கூடாது' என்று தையல்நாயகி இன்னொரு பக்கம்.

இரண்டுக்கும் ஒரே மருந்தாகக் கிடைத்தது புதுச்சேரி. பிரெஞ்சு எல்லைக்குள் இங்கிலீஷ்காரன் சட்டம் செல்லாது. அக்கா குடும்பம் முன்னாடியே போய்ச் சத்திரம் பிடித்தாயிற்று. கோயிலில் நிறுத்தி மூன்று முடிச்சும் விழுந்த பிறகு பெண்டாட்டி அழுதால் அழுதுவிட்டுப் போகட்டும்.

"ஏங்க, விழுப்புரத்துல நெறைய வண்டி நிக்குமாமே? மாத்தி ஏறிட்டா என்னா பண்றது?" என்று கேட்டாள் தையல்நாயகி.

பெரியதம்பி பெருமையாகச் சிரித்தான். "நான் இருக்கறப்போ உனக்கு ஏன் பேஜாரு? ஒரு பக்கம் நம்ம புதுச்சேரி வண்டி. எதுத்தாப்புல திண்டிவனம், மெட்ராசு போற வண்டி. ரெண்டும் கொஞ்ச நேரம் ஒண்ணா நிக்கும். அவ்ளோதான்."

"பொம்பளைங்களுக்குத் தனிப் பொட்டியாமே?"

"ஆமா. நீயும் பூமாலையும் அதுல குந்திக்கினு வாங்க. நான் ஆம்பளைங்க பொட்டியில வர்றேன்."

"அப்போ சரிங்க" என்றவள், மகளின் பாவாடை சட்டைகளைத் தனி மூட்டையாகக் கட்டினாள். கூடவே சிலேட்டையும் புத்தகங்களையும் வைத்தாள்.

"கடலு பார்க்கப் போற புள்ளைக்குப் புஸ்தகம் எதுக்கு?"

"இருக்கட்டுங்க. மறந்துடப் போவுது."

பைத்தியக்காரி என்று நினைத்துக்கொண்டான் பெரியதம்பி. அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, கூரைப்புடவையையும் தாலியையும் ஒரு துண்டில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் செருகி வைத்தான்.

வெள்ளிக்கிழமை விழுப்புரம் ஸ்டேஷனில், "ஜல்தி, ஜல்தி!" என்று இருவரையும் பெண்கள் பெட்டியில் ஏற்றினான். வண்டி கிளம்ப நேரம் இருந்தது.

"வேர்த்துக் கொட்டுதே உங்களுக்கு. போயி ஒரு சோடா குடிங்களேன்" என்றாள் தையல்நாயகி ஜன்னல் வழியாக.

இவ்வளவு நல்லவளை ஏமாற்றுகிறோமே என்று ஒரு கணம் மனசு உறுத்தத்தான் செய்தது. சோடா உள்ளே இறங்கியதும் அது சரியாகிவிட்டது.

அவன் வந்து தன் பெட்டியில் உட்காரும்போது எதிர் வண்டி கூவிக்கொண்டு மெட்ராஸ் பக்கம் புறப்பட்டது. பிறகு இதுவும் நகர்ந்தது. வளவனூர் போயிற்று. கண்டமங்கலம் பக்கம் வண்டி நின்றபோது, பெரியதம்பி அவித்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு பெண்கள் பெட்டிக்கு ஓடினான். இன்னும் கொஞ்ச தூரந்தான். அப்புறம் எந்தக் கோர்ட்டும் அவனைத் தொட முடியாது.

"பூமாலை, இந்தா மல்லாட்டை!"

ஜன்னல் வழியே கை நீட்டி வாங்கிக்கொண்டது தையல்நாயகி. அவள் பக்கத்தில் டிரங்குப் பெட்டி இருந்தது. துணி மூட்டை இல்லை. மகளும் இல்லை.

"எங்கடி புள்ள?"

"நீங்க சோடா குடிக்கப் போனீங்களே, அப்போ எங்கண்ணன் வந்து எதுத்த வண்டியில அழைச்சிக்கினு போயிட்டாரு. சொல்லி அனுப்பியிருந்தேன். திண்டிவனத்துல அவரு வூட்டுலயே தங்கிப் படிக்கட்டும்."

பெரியதம்பி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அங்க... எங்கக்கா..."

"தெரியுங்க. அடியில நீங்க சுருட்டி வெச்ச கூரைப்புடவையக் கசங்காம மடிச்சி வெச்சதே நான்தான்."

"உனக்கு... உனக்கு எப்பிடித் தெரியும்?"

தையல்நாயகி ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"மயிலத்துல தேரு பார்க்கலாம் வான்னு சொல்லித்தான் பதினோரு வயசுல என்னை எங்கப்பன் அழைச்சிக்கினு வந்தாரு. தேரை எங்க பார்த்தேன்? மணவறையில உங்களைத்தான் பார்த்தேன். ஏறுங்க, வண்டி நகருது. அந்தச் சமுத்திரத்தையாச்சும் காட்டுங்க!"