இழுவை ஸ்டெப்

நூறு பேரும் ஒரே நேரத்தில் காலை இழுத்தார்கள்.

இழுத்து, அரை நொடி நிறுத்தி, தோளை ஒரு தூக்குத் தூக்கி, பிறகு பாதத்தை ஊன்றினார்கள். அரங்கம் விசிலில் அதிர்ந்தது.

மேடை ஓரத்தில் போட்டிருந்த பெரிய நாற்காலியில் டான்ஸ் மாஸ்டர் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். மேடையிலும் சினிமாவிலுமாக முப்பது வருடம் ஆட்டிவைத்தவள். அதைக் கொண்டாடத்தான் இன்று சாயங்காலம் இந்த விழா.

முன்வரிசைப் பக்கம் கண் போனதும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அங்கே அவளுடைய அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரி லிஃப்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இருபத்தெட்டு வருடம் மேலும் கீழுமாகவே போய்வந்தவர். இன்றைக்குப் புதுச்சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. அவளுடைய உதவியாளர்கள்தான் அவளுக்குத் தெரியாமல் கார் அனுப்பி அழைத்து வந்திருக்கிறார்கள். மாஸ்டர் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருப்பார்கள்.

பாவம், அந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

பதினாலு வருடத்துக்கு முன்னால் வரை அவளுக்கு மேடை மட்டும்தான். ஆடுகிறவர்கள் ஒன்பது பேர், பார்க்கிறவர்கள் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேரிலும் நாலு பேர் ஆடுகிறவர்களின் அம்மாக்கள்.

அப்புறம்தான் முதல் படம் வந்தது. கதாநாயகனுக்கோ கையை ஆட்டினால் கால் நின்றுவிடும். காலை ஆட்டினால் வாய் திறந்துகொள்ளும். மூன்று நாள் மல்லுக்கட்டினாள். மூன்றாம் நாள் வெயில் சாய்கிற நேரம், தயாரிப்பாளர் வேறொரு மாஸ்டருக்குப் போன் போடுவது காதில் விழுந்தது.

வேறு ஒன்றும் தோன்றவில்லை. கதாநாயகனுக்கு எதிரே போய் நின்று, அண்ணன் நடக்கிற மாதிரி நடந்து காட்டினாள்.

அதை அவன் ஒரே டேக்கில் செய்துவிட்டான்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் சூம்பிப்போன கால் அண்ணனுடையது. தெருப் பையன்கள் அந்த மாதிரி நடந்து காட்டிக் கேலி பண்ணினால், செருப்பைக் கழற்றிக்கொண்டு துரத்துகிறவள் அவள்தான். கடைசியில் அவளே அதை ஊர் ஊராக ஆடவைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு முப்பத்தொரு படம். டிவியில் நடுவர் நாற்காலி. அந்த ஸ்டெப் எப்படி வந்தது என்று யார் கேட்டாலும், கடல் அலையைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று கூசாமல் புளுகினாள். அண்ணன் வீட்டில் இருக்கும்போது டிவியில் அந்தப் பாட்டு வந்தால் தலைவலி என்று சொல்லி சேனலை மாற்றிவிடுவாள்.

அண்ணன் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. அவர் கேட்காமல் இருந்ததுதான் அவளை அரித்தது. தெரியாமல் இருக்கிறாரா? தெரிந்து, மனசுக்குள் வைத்துக்கொண்டு இருக்கிறாரா?

பாட்டு முடிந்தது. தொகுப்பாளர் மைக்கோடு முன்வரிசைக்கு ஓடினார்.

"தங்கச்சி ஸ்டெப்ப நேர்லயே பாத்துட்டீங்க! மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்கண்ணே!"

அண்ணன் எழுந்து மேடைப் பக்கம் நடந்தார். காலை இழுத்து, அரை நொடி நிறுத்தி, தோளைத் தூக்கி.

அவரும் அந்த ஸ்டெப்பைத்தான் போட்டுக் காட்டுகிறார் என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். உடனே அரங்கம் முழுக்கத் தட்டியது.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. நாற்காலியை விட்டு எழுந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடிப்பதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை. அதற்குள் அண்ணன் படியேறி வந்துவிட்டார்.

தொகுப்பாளர் நீட்டிய மைக்கைப் புறங்கையால் ஒதுக்கினார். அவளுடைய காதருகே குனிந்தார்.

"ஏ வாலு, பதினாலு வருஷமா எல்லாப் பயலும் தப்பான காலை இழுக்கறானுங்க. அண்ணனுக்கு எந்தக் கால்னுகூட மறந்துபோச்சா உனக்கு?"

அவள் குனிந்து பார்த்தாள். அண்ணனுக்கு இடது கால். நூறு பேரும் இழுத்தது வலது காலை.

எதிரே நின்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் எப்போதும் காலை மாற்றித்தான் காட்டுவார்கள். சொல்லிக்கொடுக்கிறவர் இடதைத் தூக்கினால், பார்க்கிறவர் கண்ணாடியில் பார்த்ததுபோல வலதைத் தூக்கிவிடுவார். முதல் வருடத்திலேயே படிகிற பழக்கம் அது. அன்றைக்கு இருந்த பதற்றத்தில் அவள் மாற்றிக் காட்டவில்லை. இத்தனை வருடத்தில் அது அவள் கண்ணிலேயே படவில்லை.

அண்ணன் கண்ணில் பட்டிருக்கிறது.

"அண்ணா..." என்றாள்.

"அழாத. மூஞ்சில பூசினதெல்லாம் வழியுது பாரு."

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினாள். ஆடுகிறவர்கள் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தடவை. பாட்டு வேணாம். இடது கால்."

நூறு பேரும் குழப்பத்தோடு காலை மாற்றி நின்றார்கள். மாஸ்டர் தாளத்தை எண்ணப்போகிறார் என்று காத்திருந்தார்கள். அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு: எந்த ஸ்டெப்பானாலும் அதை உண்டாக்கியவர்தான் எண்ண வேண்டும், இன்னொருவர் வாய் திறக்கக் கூடாது. அவளிடம் ஒரு நாள் வேலை பார்த்தவருக்குக்கூட அது தெரியும்.

அவள் மைக்கை அண்ணன் கையில் வைத்தாள்.

"எண்ணுண்ணா."

நூறு பேரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு அண்ணனைப் பார்த்தார்கள். பிறகு, ஒவ்வொருவராக, அவருடைய காலைப் பார்த்தார்கள்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒண்ணு" என்றார்.

இரண்டு சொல்ல அவர் அவசரப்படவில்லை.