இன்னொரு கிண்ணம்

“அந்த ஆள் திரும்பவும் வர்றார் பாருங்க!” பெய்ஜுன் பல்லைக் கடித்தாள்.

தைவானில் காவ்சியுங் நகர உணவுக் கண்காட்சியில் அவளும் கணவன் யூஹோங்கும் முதல்முறையாகக் கடை போட்டிருந்தார்கள். வீட்டிலேயே ஊறவைத்துத் தயாரித்த கறுப்பு சோயா சாஸ். ருசி பார்க்கச் சின்னக் கிண்ணத்தில் சோயாப் பாலில் செய்த டோஃபு ஒரு துண்டு, அதன் மேல் இரண்டு சொட்டு சாஸ். காலையிலிருந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர் அந்தத் தொப்பைக்காரர் ஒருவர்தான்.

கண்காட்சி முடிவதற்குள் ஒரு ஆர்டராவது வராவிட்டால் யூஹோங் மறுபடி தைப்பே கம்பெனி வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான். அப்புறம் மாதம் ஒருமுறைதான் வீடு. அந்தக் கவலையில் இருப்பவளுக்கு ஓசியில் சாப்பிடுபவரைக் கண்டால் பற்றிக்கொண்டு வராதா?

“அடடா! ஆஹா!” மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி உறிஞ்சினார். “இன்னொண்ணு குடும்மா.”

“ஏன் பெரியப்பா, வீட்டுல பெரியம்மா சமைக்கலையா?”

“சமைச்சா. இந்த ருசி வரலையே!”

போனார். அவள் மூச்சு விடுவதற்குள் நாலு தடியன்களோடு திரும்பி வந்தார்.

“ஊரையே கூட்டிட்டு வந்துட்டாருங்க!”

“விடு. பிடிச்சுப்போய்த்தானே வர்றாங்க,” என்றான் யூஹோங். அவனுக்குக் கோபமே வராது. அதுவும் அவளுக்குக் கோபம்தான்.

ஐந்து பேரும் கடை முன்னால் வரிசையாக நின்றார்கள். அவசரமே இல்லை. கிண்ணத்தை நக்காத குறை.

வரிசையைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கால் தானாகப் போய் நின்றுவிடும். எதற்கு என்று அப்புறம்தான் கேட்பார்கள்.

“இங்க என்ன தர்றாங்க?”

“தெரியலை. இத்தனை பேர் நிக்கிறாங்களே, நல்லதாத்தான் இருக்கும்.”

வரிசை வளர்ந்து, வளைந்து, நடைபாதையை அடைத்தது. பெய்ஜுனுக்கு டோஃபு வெட்டி மாளவில்லை. அந்த நேரத்திலும் தொப்பைக்காரர் கையை நீட்டினார்.

“போதும் பெரியப்பா! வியாபாரத்துக்கு வந்தவங்களுக்கு வழி விடுங்க. பசிச்சா வெளியில சாப்பாட்டுக் கடை இருக்கு!”

“சரிம்மா, சரி. இனிமே நாங்க எதுக்கு?” சிரித்தபடி தன் படையோடு நகர்ந்தார்.

அடுத்து நின்றவர் தைச்சுங் நகரில் பல சூப்பர் மார்க்கெட்டுகளுக்குச் சரக்கு எடுப்பவர். சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் சாப்பிட்டார்.

“எங்க எல்லாக் கடையிலயும் இதை வைக்கணும். மாசாமாசம் அனுப்ப முடியுமா?”

பெய்ஜுன் நின்ற இடத்திலேயே குதித்தாள்.

“கத்தியைக் கீழ வெச்சுட்டுக் குதி!” என்று கத்திய யூஹோங்கின் கண்ணிலும் தண்ணீர்.

சாயங்காலம் கணவனுக்கு டீ வாங்கக் கிளம்பியவள், கண்காட்சியிலேயே பெரிய கடையைக் கடக்கும்போது நின்றுவிட்டாள். அதுவும் சோயா சாஸ் கடை. பெயர் போன பழைய கம்பெனி. உள்ளே ஒரு அம்மாள் தொப்பைக்காரரைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இங்க கூட்டம் நெரியுது, நான் ஒருத்தி லோல்படறேன். முதலாளின்னு பேரு! வேலையாளுங்களையும் இழுத்துட்டுப் போய்ப் போட்டிக் கடையில வரிசை கட்டி நிக்கிறீங்களே, வெட்கமா இல்லை?”

அவர் வயிற்றைத் தடவியபடி வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“கத்தாதடி. அருமையான சாஸ். வரிசை இல்லைன்னு ஒருத்தனும் கிட்ட போகலை. நாளைக்கு மட்டும் நீ போய் நில்லேன். சின்ன வயசுலேருந்தே எனக்கு டோஃபுன்னாலே குமட்டும்.”