இவருக்கு ஒரு ரிசீவர்

"தம்பி, இந்தப் பெட்டியும் சரியா வரலைன்னா நான் வீட்டை விட்டுட்டு அக்கரையில, பத்து காவான்ல இருக்கிற என் தங்கச்சிகிட்டயே போயிடுவேன். இவருகிட்டயும் சொல்லிட்டேன்."

கடைக்குள் நுழைந்ததுமே அந்த அம்மாள் போட்ட போட்டில் காஜா மொய்தீன் திடுக்கிட்டான். கூட வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

பினாங்கு ரோட்டில் இருந்த அந்தக் கடையில் பத்து வருஷமாக டிவியும் ஸ்பீக்கரும் விற்கிறான் காஜா. கலருக்காகச் சண்டை போட்ட ஜோடிகளைப் பார்த்திருக்கிறான். ஒரு ரிசீவருக்காகக் குடும்பமே பிரியப் போவதை இன்றுதான் பார்க்கிறான்.

"பழசுக்கு என்னண்ணே ஆச்சு?"

"போன வாரம் இடி இடிச்சுதில்ல, அதுல ரோசாக் ஆயிருச்சு. ரிப்பேர் பண்ண முடியாதாம். ஸ்பீக்கர் அஞ்சும், அந்த பேஸ் பெட்டியும் நல்லாத்தான் இருக்கு. சத்தத்தைப் பிரிச்சுக் குடுக்கிற ரிசீவர் மட்டும்தான் வேணும்."

"அது செத்த அன்னைக்குத்தான் தம்பி, மூணு வருஷத்துல முதல் தடவையா நான் அசந்து தூங்குனேன்," என்றார் அந்த அம்மாள்.

காஜா பழக்க தோஷத்தில் கடையிலேயே பெரிய பெட்டியைக் காட்டினான். அதை விற்றால் நல்ல கமிஷன்.

"இது புது மாடல்ணே. தலைக்கு மேலேர்ந்தே சத்தம் வரும். படத்துல ஹெலிகாப்டர் போனா நம்ம உச்சந்தலையிலயே இறங்குற மாதிரி இருக்கும்."

"அதுதான் மூணு வருஷமா இறங்கிக்கிட்டு இருக்கே! வேற காட்டு லா."

காஜா பெரிய பெட்டியை ஓரமாக நகர்த்தினான்.

"சரிக்கா. ஹால் எவ்வளவு பெரிசு?"

"பன்னெண்டுக்குப் பதினாலு," என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"சோஃபா எங்க இருக்கு?"

"ஜன்னல் ஓரம்," என்றார் அந்த அம்மாள்.

"கதவு ஓரம்," என்றார் அவர்.

ஒரு சோஃபாவுக்கு இரண்டு இடமா? காஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசியே எத்தனை நாளாயிற்றோ என்று நினைத்துக்கொண்டான். போன வருஷம்தான் அவன் தங்கை, ஒன்றுமில்லாத சண்டைக்கு, பாகான் டாலாமிலிருந்து பெட்டியோடு வந்து நின்றாள். இன்னும் திரும்பிப் போகவில்லை. அந்த வேதனை அவனுக்குத் தெரியும்.

"அண்ணே என்ன படம் பாப்பீங்க?"

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. "என்னைக் கேளு. வெள்ளிக்கிழமைன்னா சண்டைப் படம். ஞாயித்துக்கிழமை விடிஞ்சா முருகன் பாட்டு. பாட்டுல குறை சொல்ல மாட்டேன், நல்ல பாட்டுதான். ஆனா அந்த பேஸ் இருக்கே! என் சட்டி பானையெல்லாம் ஆடுது. போன மாசம் ஒரே படத்தை நாலு தடவை போட்டாரு. நான் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. ஆனா யாரு எப்போ சாவான்னு சொல்லிடுவேன்."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் அவர், பாவமாக.

பெண்டாட்டியை 'நீங்க' என்று கூப்பிடுகிற மனிதர்! காஜாவுக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

"சொல்லாமலா? தொடப்பக்கட்டையால எத்தனை தடவை தட்டியிருக்கேன்! கேட்டாத்தானே?"

காஜா சட்டென்று அவர் முதுகைப் பார்த்தான். பிறகு மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்தான். கமிஷன் கிடக்கட்டும், இன்றைக்கு இந்தக் குடும்பத்தைச் சேர்த்துவைத்துத்தான் அனுப்ப வேண்டும். அலமாரியின் அடித்தட்டிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துவந்து, சோதனை அறையில் மாட்டினான்.

"உங்க ஹாலுக்கு இதே தாராளம்ணே. இதுல நைட் மோடு இருக்கு. வெடிச் சத்தத்தை அமுக்கிட்டு, பேச்சை மட்டும் தெளிவாக் கேக்க வைக்கும். பேஸைத் தனியா இறக்கலாம். வால்யூம் இதுக்கு மேல ஏறக் கூடாதுன்னு ஒரு அளவு வெச்சுட்டா, தப்பித் தவறிக்கூட ஏறாது. ஆசை தீரக் கேக்கணும்னா ஹெட்போன் மாட்டிக்கலாம்."

"இரு தம்பி. நான் வெளியே நிக்கிறேன். கதவைச் சாத்திட்டுப் போடு."

சத்தம் கேட்கும் பெட்டி வாங்க வந்துவிட்டு, சத்தம் கேட்காத இடத்தில் போய் நிற்கிறாரே! காஜா ஒரு சண்டைக் காட்சியைப் போட்டான். உள்ளே இருந்தவர் ஒவ்வொரு வசனத்துக்கும் சந்தோஷமாகத் தலையாட்டினார். கதவைத் திறந்தால், அந்த அம்மாள் முகத்திலும் சிரிப்பு.

"ஒண்ணுமே கேக்கல! இதையே கட்டு."

காஜாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அவர் பணத்தைக் கட்டிவிட்டு, தள்ளி நிறுத்தியிருந்த காடியை ஓட்டிவரப் போனார். காஜா வாரண்டி அட்டையை எடுத்தான்.

"வீடு எங்கக்கா?"

"சுங்கை பினாங் ஃபிளாட்."

"அண்ணன் பேரு?"

அந்த அம்மாள் விழித்தார். அப்போதுதான் காஜாவுக்கு உறைத்தது. வந்ததிலிருந்து 'இவரு', 'இவரு' என்றே பேசிக்கொண்டிருக்கிறார். தொடப்பத்தை எடுத்தாலும் எடுப்பாராம், புருஷன் பேரை மட்டும் சொல்ல மாட்டாராம்! காஜாவின் உம்மாவும் அப்படித்தான். அவன் சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினான்.

"வாயால சொல்ல வேணாம்க்கா, எழுதிக் குடுங்க போதும்."

"எழுதுறதுக்கும் தெரியணுமில்ல தம்பி? காலையில லிஃப்டுல பார்த்தேன், புது ரிசீவர் வாங்கப் போறேன்னாரு. இவரை நம்பி விட்டா என் கதி என்னாவறதுன்னு நானும் கூடவே காடியில ஏறிட்டேன்," என்றார் அந்த அம்மாள். "இவரு பன்னெண்டாவது மாடி. நான் நேர் கீழே, பதினொண்ணு!"