சேறான தெரு

“இந்த வீடு வேணாம் சார்,” தரகர் அலுத்துக்கொண்டார். “எதிர்ல காத்துல தூசி எவ்வளவுன்னு அளக்குற மெஷின். அதைச் சுத்திப் பொழுதன்னிக்கும் தண்ணி லாரி நின்னு பீச்சிக்கிட்டே இருக்கு. தெருவெல்லாம் சேறு. குடிவந்தவங்க யாருமே நிலைச்சதில்ல.”

“இதுவே போதும்,” என்றார் வீடு பார்க்க வந்தவர்.

அவர் மனைவி வீடு தேடி அலைந்து ஓய்ந்திருந்தாள். அவள் தோளில் சாய்ந்திருந்த மகளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

தரகர் குழந்தையைப் பார்த்தார். “பாப்பாவுக்கு இழுப்பா? பேசாம பெரிய ரோட்டுப் பக்கம் பாருங்க. ஆஸ்பத்திரி கிட்ட.”

“அங்க தூசி தாங்காது. ஊருக்கே இந்த ஒரு மெஷின்தான். அதுல தூசி காட்டிடக் கூடாதுன்னுதான் தண்ணி அடிக்கிறாங்க. மூச்சு விடுற மாதிரி இருக்கிறது இந்தத் தெரு மட்டும்தான்.”

“யாரு சார் உங்ககிட்ட இப்படிக் கதை விட்டது? ஊர் முழுக்க நாளைக்கும் காத்து சுத்தமா இருக்கும்னு தினமும் நியூஸ்ல சொல்றாங்களே.”

அவர் சாவிக்காகக் கையை நீட்டினார்.

“அதை எழுதிக் கொடுக்கிறதே நான்தாங்க.”